200 ரூபாயும் 10,000 ரூபாயும்

வயதானவர்களைக் காப்பாற்றுவது பிள்ளைகளின் பொறுப்பா, அரசாங்கத்தின் பொறுப்பா? நம் சட்டங்களை வருட வரிசையில் அடுக்கிப் படித்தால், பந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் போவது தெரியும்.

1950-ல் அரசியல் சாசனத்தின் 41-வது பிரிவு, முதுமையில் அரசு உதவ வேண்டும் என்றது. ஆனால் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டுத்தான். வழிகாட்டு நெறி என்பதால் இதைக் காட்டி கோர்ட்டில் உரிமை கோரவும் முடியாது. 1956-ல் இந்து ஜீவனாம்சச் சட்டம், பெற்றோரைக் காப்பாற்றும் கடமையை மகன், மகள் இருவர் மேலும் வைத்தது.

முதியோர் பென்ஷனை முதலில் மாநிலங்கள்தான் ஆரம்பித்தன. உத்தரப் பிரதேசத்தில் 1957, நம் சென்னை மாநிலத்தில் 1962. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15-ல்தான் வந்து சேர்ந்தது. 65 வயது ஆகியிருக்கணும், ஆதரவற்றவராக இருக்கணும். மாதம் 75 ரூபாய்.

அடுத்து 2007. நான் மென்பொருள்காரன், இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தொழில் பழக்கம். அந்த நவம்பரில் பென்ஷன் திட்டம் இந்திரா காந்தி பெயரில் விரிவானது; மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். டிசம்பரில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது; பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தரலாம் என்றது. ஒரே அரசு, ஒரே மாத இடைவெளி. தன் பங்கு 200, பிள்ளையின் பங்கு 10,000 வரை!

சட்டத்தைக் குறை சொல்லவில்லை. எழுதியவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். கோட்டாட்சியர் நிலை அதிகாரி விசாரிப்பார். வக்கீல் வைக்கத் தேவையில்லை. பெற்றோர் விரும்பினால் அவர்கள் தரப்பில் பேச ஒரு பராமரிப்பு அலுவலர் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட மகன் மேல் மனு கொடுக்கலாம்.

சரி, மகனுக்கே கூலி வேலைதான் என்றால்? அரசாங்கத்திடம் கேட்க அந்தப் பாட்டி எங்கே போவார்? அதற்கு உச்ச நீதிமன்றம்வரை ஒருவர் போனார்: முன்னாள் மத்திய சட்ட அமைச்சர் அஸ்வனி குமார். பென்ஷன் தொகையை மறுபரிசீலனை செய்யச் சொல்லி 2018 டிசம்பரில் தீர்ப்பும் வந்தது.

தமிழ்நாட்டில் 2023 முதல் 1,200 ரூபாய் கிடைக்கிறது என்றால், மிச்சத்தை மாநிலம் போடுவதால்தான். 80 வயதைத் தாண்டினால் மத்திய அரசு 500 தருகிறது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அதே 200 தான்.