கூழாங்கல் என்றொரு குழந்தை: பெபிள்ஸ் பிளின்ட்ஸ்டோனின் பிறப்பும் வயதும்

‘தி பிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோசப் பார்பெரா பிற்காலத்தில் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. பிரெட், வில்மா தம்பதிக்கு ஆண் குழந்தை பிறப்பதாகத்தான் முதலில் முடிவாகியிருந்தது. அவரது நிறுவனத்தின் பொம்மை, விளையாட்டுப் பொருள் வணிகத்தைக் கவனித்தவர் நியூயார்க்கிலிருந்து தொலைபேசியில் அழைத்து, பெண்ணாக இருந்தால் ஐடியல் பொம்மை நிறுவனத்தோடு பேசி முடிக்கலாம் என்றாராம். பார்பெரா அந்தப் பேச்சிலேயே பெண் என்று சொல்லிவிட்டார். அப்படிப் பிறந்த பெபிள்ஸைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கதையோடு தொடங்கி இதோடு முடித்துக்கொள்கிறார்கள். விற்பதற்காகப் பெற்றெடுக்கப்பட்ட குழந்தை, வேறென்ன பேச இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம்.

கதை மெய்யாகவே இருக்கட்டும். ஒரு பாத்திரம் ஏன் பிறந்தது என்பதும் பிறந்தபின் அது என்ன செய்தது என்பதும் வெவ்வேறு கேள்விகள். பொம்மைக் கடையை மனத்தில் வைத்து எடுத்த முடிவு, நகைச்சுவைத் தொடர்கள் அன்று தொடத் தயங்கிய கருவுறுதல், பேறின்மை, தத்தெடுத்தல் ஆகியவற்றை ஒரு கார்ட்டூனுக்குள் கொண்டுவந்தது. அதே முடிவு தொடரைப் பெரியவர்களிடமிருந்து சிறுவர்கள் பக்கம் தள்ளவும் செய்தது. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நடந்தவை என்பதுதான் இக்கட்டுரையின் அக்கறை.

1960 செப்டம்பர் 30 அன்று ஏபிசி அலைவரிசையில் தொடங்கியபோது கதை நடக்கும் பெட்ராக் நகரில் பிரெட், வில்மா வீட்டிலும் பக்கத்து வீட்டு பார்னி, பெட்டி வீட்டிலும் குழந்தை இல்லை. அதில் வியப்பும் இல்லை. தொடரின் முன்மாதிரி எனப் பரவலாக ஏற்கப்படும் ‘தி ஹனிமூனர்ஸ்’ நாடகத்திலும் கிராம்டன் தம்பதிக்குக் குழந்தை கிடையாது. ஓயாமல் கத்தும் கணவன், அவனை நன்றாக அறிந்த மனைவி, பக்கத்து வீட்டு நண்பன், அவன் மனைவி: இந்த நால்வர் அமைப்பு பெரியவர்களின் அமைப்பு. ஒளிபரப்பு நேரம் வெள்ளி இரவு எட்டரை. விளம்பரதாரர்களில் ஒருவர் வின்ஸ்டன் சிகரெட். இன்று பார்ப்பவர்கள் திகைத்துப்போகும் அந்த விளம்பரத்தில், மனைவியர் வீட்டு வேலையில் வியர்த்துக்கொண்டிருக்க, பிரெட்டும் பார்னியும் வீட்டுக்குப் பின்னால் நழுவிப்போய் நிதானமாகப் புகைக்கிறார்கள். மொத்தம் 166 அத்தியாயங்கள் கொண்ட தொடரில் ஏறத்தாழப் பாதி தொட்டிலே இல்லாமல் ஓடியது.

1963 ஜனவரி 25 அன்று ஒளிபரப்பான ‘தி சர்ப்ரைஸ்’ அத்தியாயத்தில் வில்மா கருவுற்ற செய்தி வெளிப்படுகிறது. பிப்ரவரி 22 அன்று பெபிள்ஸ் பிறக்கிறாள். திரைக்கணக்கில் நான்கே வாரக் கர்ப்பம். பத்தாண்டுகளுக்கு முன், 1953 ஜனவரியில், ‘ஐ லவ் லூசி’ தொடரில் குட்டி ரிக்கி பிறந்ததை இங்கே ஒப்பிடுவது வழக்கம். ஒப்பீடு சரியே, ஆனால் வேறுபாடுதான் அதிகம் சொல்கிறது. லூசில் பால் மெய்யாகவே கருவுற்றிருந்தார். நடிகையின் வயிறு தெரியத் தொடங்கியதால் கதை அதற்கு இடம் கொடுத்தாக வேண்டியிருந்தது. அப்போதும் கர்ப்பம் என்பதற்குரிய நேரடிச் சொல்லை உச்சரிக்காமல் சுற்றிவளைத்தார்கள். வில்மாவுக்கோ உடலே இல்லை. இருப்பது கோடும் வண்ணமும். அவள் வயிற்றை யாராவது வேண்டுமென்றே வரைந்தால்தான் உண்டு. நடிகர்கள் நடிக்கும் தொடரில் கர்ப்பம் நேர்ந்துவிடலாம். கார்ட்டூனில் அது முழுக்க முழுக்க ஒருவர் எடுக்கும் தீர்மானம். அந்தத் தீர்மானத்தை எடுக்கவைத்த துணிவு பொம்மைக் கடையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லக் கூச வேண்டியதில்லை.

ஒலிப்பதிவிலும் ஒரு நுட்பம் உண்டு. வில்மாவுக்குக் குரல் கொடுத்த ஜீன் வான்டர் பைல்தான் பெபிள்ஸின் மழலைக்கும் குரல் கொடுத்தார். தாயும் மகளும் கொஞ்சிக்கொள்ளும் காட்சிகளில் ஒரே தொண்டை தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்கிறது.

அடுத்த பருவத்தில் தொடர் ஒரு மணி நேரம் முன்னால் நகர்ந்தது. வியாழன் மாலை ஏழரை, அதாவது குழந்தைகள் விழித்திருக்கும் நேரம். சிகரெட்டின் இடத்துக்கு வெல்ச் திராட்சைச் சாறு வந்திருந்தது. பெபிள்ஸ் வந்ததால்தான் புகையிலை போனது என்று அடித்துச் சொல்வோர் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். விளம்பர ஒப்பந்தங்கள் ஒற்றைக் காரணத்தால் முறிவதில்லை. என்றாலும் தொட்டில் வந்த வீட்டில் புகை பொருந்தாது என்பதை உணர ஆய்வறிவு தேவையில்லை.

தொடர் இறங்குமுகம் கண்டது குழந்தைகளால்தான் என்ற குற்றச்சாட்டை இங்கேதான் எதிர்கொள்ள வேண்டும். 1963 அக்டோபர் 3 அன்று வந்த ‘லிட்டில் பேம்-பேம்’ அத்தியாயத்தைப் பார்த்த பிறகும் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (இறங்குமுகத்துக்குப் பழி சொல்ல ஆள் வேண்டுமென்றால், 1965இல் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்திறங்கிய கசூ இருக்கவே இருக்கிறான்.) அந்த அத்தியாயத்தில் பார்னியும் பெட்டியும் எந்நேரமும் பெபிள்ஸையே சுற்றிவருகிறார்கள். பொறுமையிழந்த பிரெட் சுள்ளென்று ஏதோ சொல்லிவிட, குழந்தையில்லாத அந்த இருவர் முகமும் வாடிப்போகிறது. அன்றிரவு விழும் நட்சத்திரத்தைப் பார்த்து அவர்கள் ஒரு குழந்தைக்காக வேண்டிக்கொள்கிறார்கள். விடிந்தால் வாசலில் ஒரு குழந்தை, பேம்-பேம். அவனை வைத்துக்கொள்ள வழக்காடவும் வேண்டியிருக்கிறது. எதிர்த்தரப்பு பணக்காரத் தம்பதிக்குச் சொந்தமாகக் குழந்தை பிறக்கப்போவது தெரியவந்த பிறகே அவன் இவர்களுக்குக் கிடைக்கிறான். டைனோசரை வைத்துக் கல்லுடைக்கும் ஊரில், இன்னொரு வீட்டின் தொட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விடும் பெண்ணை அந்நாளைய பார்வையாளர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பெபிள்ஸ் பிறக்காவிட்டால் பெட்டியின் ஏக்கத்துக்குக் கதையில் இடமே இல்லை. முதல் குழந்தையை வரவழைத்தது சந்தைக் கணக்கு என்றால், இரண்டாவது குழந்தையை வரவழைத்தது முதல் குழந்தை உண்டாக்கிய வெற்றிடம்.

இந்த வேறுபாட்டைப் பெயர்களே சொல்லிவிடுகின்றன என்பது என் வாதம். ஊரின் பெயர் அடிப்பாறை. ஒரு குடும்பப் பெயர் சிக்கிமுக்கிக் கல், மற்றது இடிபாட்டுக் கற்குவியல். ஆனால் பிரெட், வில்மா, பார்னி, பெட்டி என்பவை அன்றைய அமெரிக்காவின் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய பெயர்கள். குடும்பப் பெயர்தான் கல். நாயகக் குடும்பத்தில் இட்ட பெயரும் கல்லாக அமைந்தது பெபிள்ஸ் ஒருத்திக்கே. தீப்பொறி தெறிக்கும் தகப்பனின் மகள், ஆற்றில் உருண்டு வழவழப்பான கூழாங்கல். அதிலும் பன்மை: கூழாங்கற்கள். ஒரு குழந்தைக்குப் பன்மைப் பெயர் ஏன் என்று எவரும் கேட்டதில்லை. 1971இல் போஸ்ட் நிறுவனம் பெபிள்ஸ் என்ற பெயரில் காலையுணவுத் தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பன்மைக்குத் தாமதமாக ஒரு பயன் கிடைத்தது. கிண்ணம் நிறைய உதிரும் மணிகளுக்குப் பன்மைதான் பொருத்தம். வேடிக்கை என்னவென்றால், தானியப் பெட்டியில் பெயர் மகளுடையது. படமோ தகப்பனும் பக்கத்து வீட்டுக்காரரும்.

பேம்-பேம் கல் அல்ல, ஒலி. தடியால் தரையை அறைந்து அவன் எழுப்பும் ஓசையே அவன் பெயர். தமிழ் இலக்கணக் கண்ணுக்கு அது இரட்டைக்கிளவி போலத் தெரியும். பிரித்தால் பொருள் தராது. கல்லின் வம்சத்துக்கு வெளியிலிருந்து வந்தவன், கல்லாகாத பெயரோடு நிற்கிறான். எழுத்தாளர்கள் இதைத் திட்டமிட்டிருப்பார்களா என்றால், மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். திட்டமிடாததாலேயே அது நம்பத்தகுந்த சான்று.

வயது விஷயத்துக்கு வருவோம். ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் மேகி முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் வாயில் சூப்பானுடன் அதே கைக்குழந்தை; அவளுக்கு உறைந்த வயது. பெபிள்ஸுக்கு வாய்த்தது கூப்பிட்டபோது வரும் வயது. 1966இல் மூலத் தொடர் முடிந்தபோது மழலை. ஐந்தே ஆண்டில், சிபிஎஸ் அலைவரிசையின் சனிக்கிழமைக் காலை வரிசைக்குப் பதின்வயதினர் தேவைப்பட்டதும், ‘தி பெபிள்ஸ் அண்ட் பேம்-பேம் ஷோ’வில் பள்ளி மாணவி. குரல் சாலி ஸ்டிரதர்ஸுடையது. 1993இல் மணப்பெண், அதே ஆண்டு டிசம்பரில் தாய். மறு ஆண்டு நடிகர்கள் நடித்த திரைப்படம் வந்தபோது மீண்டும் குழந்தை. தகப்பனுக்கு இவ்வளவு காலமும் ஒரே சட்டை, ஒரே கழுத்துப்பட்டை. காலம் என்ற சுமையை அந்தக் குடும்பத்தில் சுமப்பவள் மகள் மட்டுமே. அதையும் அவள் வரிசைப்படி சுமக்கவில்லை. எந்த வயதுக்கு அந்தப் பருவத்தில் பார்வையாளர் இருக்கிறார்களோ அந்த வயதைச் சுமக்கிறாள்.

எல்லா வயதிலும் மாறாதது உச்சியில் முடிந்த கூந்தலும் அதில் செருகிய எலும்பும். ஐடியல் பொம்மையின் தலையிலும் அதுவே இருந்தது. மணப்பெண் ஆன பின்னும் அந்த எலும்பை எடுக்க முடியாமல்போனது ஏன் என்பதற்குப் பார்பெராவின் தொலைபேசிக் கதை பாதி விடை.

1993இன் அந்தத் திருமணத்தில் அவள் கைப்பிடித்தது பேம்-பேமை. வாசலில் கிடந்த, ஒலியைப் பெயராகக் கொண்ட அதே பையனை. அவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள். பேம்-பேமின் அபார உடல்பலம் மகளுக்கு இறங்கியிருக்கிறது. பெயர்களைத் தேர்ந்தவர்கள் மட்டும் தாய் வழிக்குத் திரும்பிவிட்டார்கள். பையன் சிப், அதாவது கற்சில்லு. பெண் ராக்ஸி, பாறையின் செல்லப் பெயர்.