மாட்டு நோய்: ஒன்றா, பலவா?

நெடுந்தீவின் பவளக்கல் மதில்களைக் கண்டோர், அத்தீவுக்குக் கடலே பெருமதில் என்பதையும் உணர்ந்திருப்பர். தோணியில் ஏற்றினாலன்றி நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ வெளிமாடு வந்து சேர வழியில்லை. ஆயினும், கடலை நம்பி நோயை மறந்துவிடலாகாது. இலங்கை முழுவதற்கும் இப்பாடத்தை 1987ஆம் ஆண்டு புகட்டியது. பல்லாண்டு காலம் இந்நாட்டில் இல்லாதிருந்த மாட்டு வெக்கை அவ்வாண்டில் மீண்டும் தோன்றிற்று. இந்தியப் படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு அது கடல் கடந்தது என்பது ஆய்வாளர் கருத்து.

அவ்வெக்கை இன்று உலகிலேயே இல்லை. 2011இல் அது ஒழிந்ததென அறிவித்தனர். பிளௌரைட் என்னும் அறிஞர் கென்யாவில் ஆக்கிய ஒரே தடுப்பூசி எல்லா நாட்டு வெக்கைக்கும் போதியதாயிற்று. காரணம், அவ்வைரசின் குலங்கள் பலவாயினும், நோயை எதிர்க்க உடல் ஆக்கும் பிறபொருளெதிரிக்கு அவை யாவும் ஒன்றே. கோமாரியோ அத்தகையதன்று. அதில் இருவேறு வகைகள் உண்டென வலே, கரே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1922இல் காட்டினர். பின்னர் அவை ஏழாயின. ஒன்றிலிருந்து பிழைத்த மாடு மற்றொன்றுக்கு இரையாகும்.

இவ்விரண்டினுள் மாட்டின் கொரோனா வைரசு எப்பக்கம் சேரும்? 1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், கழிச்சல் கண்ட இளங்கன்றுகளில் இதனை அறிந்தனர். வளர்ந்த பசுக்களின் குளிர்காலக் கழிச்சலுக்கும், மூச்சுநோய்க்கும் இதுவே காரணமாவதுண்டு. மூன்று நோய்க்கும் மூன்று வைரசுகளோ என்னும் ஐயம் இயல்பாகவே எழுந்தது. வைரசின் ஒரு சிறு கூறை மட்டும் பற்றும் பிறபொருளெதிரிகளைக் கொண்டு சோதித்தபோது, முள் போன்ற அதன் மேற்புரதத்தில் குலத்துக்குக் குலம் நுண்ணிய வேற்றுமைகள் புலப்பட்டன. ஆனால் ஒரு குலத்தை வென்ற மாட்டின் குருதிநீர் ஏனைய குலங்களையும் பெரும்பாலும் அடக்கிற்று. ஆகவே வேற்றுமை உண்டு, வகை ஒன்றே. வெக்கையின் பக்கமே இது சேரும்.

அவ்வாறாயின் நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? குடலிலும் மூச்சுவழியிலும் உண்டாகும் காப்பு நெடுநாள் நிலைப்பதில்லை. கன்றின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பசுவின் கருப்பையில் பிறபொருளெதிரி கன்றுக்குக் கடப்பதில்லை. காப்பின்றியே அது பிறக்கிறது. சினைப்பசுவுக்குத் தடுப்பூசி இடுவதும் சீம்பால் வழியாகக் கன்றைக் காக்கவே. கன்றீன்ற வீட்டார் சீம்பாலைக் காய்ச்சி அயலாருக்குக் கொடுப்பது நம்மவரிடையே இனிய வழக்கந்தான். ஆனால் அப்பிறபொருளெதிரியைக் கன்றின் குடல் முழுதாக ஏற்பது பிறந்த முதல் நாளில் மட்டுமே. அதன்பின் அவ்வழி அடைபட்டுவிடுகிறது.