இறைவாக்கும் அதன் உரைகல்லும்

தொல்கிறித்தவர் வழிபாட்டில் இறைவாக்கு உரைத்தல் உரிமை. அதனை ஆராய்தல் கடமை. இருவரோ மூவரோ உரைக்க, ஏனையோர் ஆராய்க எனப் பவுலடிகள் கொரிந்தியர்க்குப் பணித்தார். ‘திதாக்கே’ என்னும் பழைய ஒழுக்கநூலோ, ஆவியில் உரைப்போன் சொல்லைச் சோதித்தலை விலக்கி, அவன் ஒழுக்கத்தையே உரைகல்லாக்கிற்று. ஆவியின் பெயரால் தனக்குப் பொருள் கேட்பான் சொல் கொள்ளத்தக்கதன்று என்பது அதன் விதி.

ஒழுக்கம் ஒன்றே போதிய அளவையாமா? திருவிதாங்கூரில், தமிழ்ப் பார்ப்பனக் குடியிற் பிறந்து ஆங்கிலிக்கக் குருவான யுஸ்தூஸ் யோசேப்பின் கூட்டத்தார், கிறித்து 1881இல் மீள வருவார் என 1875இல் அறிவித்தனர். அவ்வாண்டு கழிந்தது, வருகை நிகழ்ந்திலது. ஆண்டு குறித்த வாக்கின் மெய்ம்மையை உரைத்தோர் ஒழுக்கம் காட்டாது, காலமே காட்டும். ஆயின், காலத்தின் தீர்ப்பு நம்பினோர்க்குப் பிந்தியே வரும். ஆதலின், வாக்கை முன்னரே நிறுத்துப் பார்க்கும் பொறுப்பை அவைக்களித்த பவுலடிகள் நெறியே இன்றியமையாததென்பது பெறப்படும்.