காண்டாட்டாவின் கதை – 6: தலை இழந்தவன் பாடுகிறான்

லைப்சிக் நகரத்துக்கு பாக் வந்து சேர்ந்த கதையை இந்த இதழில் சொல்வதாக இருந்தது. அதற்கு முன் வெனிஸில் ஒரு பெண்மணியைப் பார்த்துவிடுவதே நியாயம். அவரைத் தாண்டிக்கொண்டு பாக்கிடம் ஓடுவது இசை வரலாறு நெடுங்காலம் செய்துவந்த அநீதி.

பார்பரா ஸ்ட்ரோஸி 1619இல் பிறந்தவர். தாய், கவிஞர் ஜூலியோ ஸ்ட்ரோஸி வீட்டுப் பணிப்பெண். ஜூலியோதான் தகப்பன் என்றே பலரும் கருதுகிறார்கள். மகளை இசைமேதை கவாலியிடம் பயிலவைத்ததோடு நில்லாமல், 1637இல் ‘யூனிசோனி’ என்ற கழகத்தையும் அவர் தொடங்கினார். அறிஞர்கள் கூடி வாதிடுவார்கள், பார்பரா பாடுவார். பொறுக்குமா ஊருக்கு? அவருடைய ஒழுக்கத்தைக் கிண்டி மொட்டை வசைகள் கையெழுத்துப் பிரதிகளாகச் சுற்றின. எழுதிய கோழைகள் பெயர் போடவில்லை. பார்பராவோ 1644 முதல் 1664 வரை எட்டுத் தொகுதிகளைத் தம் சொந்தப் பெயரிலேயே அச்சுக்குக் கொடுத்தார்.

அவற்றில் இரண்டாவது, 1651இல் வந்தது. அதில் புலம்பலாக அமைந்த ஒரு காண்டாட்டா. பாடுவது, பிரான்சில் தலை வெட்டப்பட்ட ஓர் இளைஞனின் ஆவி!

அவன் பெயர் சேன்-மார். பதின்மூன்றாம் லூயி மன்னனின் செல்லப்பிள்ளை. அவனை அரண்மனைக்குள் கொண்டுவந்ததே மன்னனின் முதலமைச்சரான கார்டினல் ரிஷ்லியூதான். மன்னனின் பக்கத்தில் தன் ஆள் ஒருவன் இருக்கட்டும் என்ற கணக்கு. பையன் கார்டினலையே கவிழ்க்கப் பார்த்தான். அதற்காக எதிரி நாடான ஸ்பெயினோடு ரகசிய ஒப்பந்தம் வரை போனான். ஒப்பந்தத்தின் நகல் ரிஷ்லியூவின் கைக்கு எட்டியதும் எல்லாம் முடிந்தது. நோயில் கிடந்த கார்டினல் ரோன் நதியில் படகேறி, சேன்-மாரின் நண்பன் து தூவை இன்னொரு படகில் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு லியோன் போய்ச் சேர்ந்தார். சாகக் கிடக்கும் மனிதருக்கு அத்தனை வன்மம்! 1642 செப்டம்பர் 12 அன்று இருவர் தலையும் விழுந்தன. சேன்-மாருக்கு வயது 22. சதியை அறிந்தும் சொல்லவில்லை என்பதே து தூவின் குற்றம். டிசம்பரில் ரிஷ்லியூ போனார். மறு மே மாதம் மன்னனும் போனான்.

சேன்-மார் உத்தமன் அல்லன். நாட்டையே பேரம் பேசியவன். ஆனால் பார்பராவின் இசையில் அவன் முறையிடுவது தன்மேல் அன்பு வைத்திருந்த மன்னனிடம். மேடை, ஒப்பனை, வேடம் எதுவும் கிடையாது. ரோன் நதிக்கரையை வருணிப்பதும், செத்தவனாக அழுவதும் ஒரே பெண் குரல். விருத்தம் பாடுவதுபோல் தாளக்கட்டு விட்டுச் சொல்லுக்குச் சொல் நெகிழ்ந்து போகும். பிறகு சட்டென்று தாளத்துக்குள் வந்து ஒரு மெட்டில் நிற்கும். கதையை நகர்த்த ரெசிடடிவ், மனம் பொங்க ஆரியா என்று பிற்காலத்தில் இறுகிய பிரிவினை இங்கே இன்னும் இளக்கமாக இருக்கிறது. அந்த இளக்கம்தான் இதன் அழகு.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: இத்தொகுதி சமர்ப்பிக்கப்பட்டது ஹாப்ஸ்பர்க் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்டுக்கு. பிரெஞ்சு அரசவையின் பரம எதிரி. பிரெஞ்சு மன்னனைக் குற்றம் சாட்டும் பாட்டு அந்தப் புத்தகத்தில் இடம்பெற்றதைத் தற்செயல் என்று நம்புவது கடினம். வீட்டுக் கூடத்தில் பாடும் இசை என்று காண்டாட்டாவைச் சிறிதாக எண்ணுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

பார்பரா 1677இல் பதுவாவில் காலமானார். 1723 மே 30 அன்று லைப்சிக் நிக்கோலாய் தேவாலயத்தில் பாக் அரங்கேற்றிய காண்டாட்டா அடுத்த இதழில்.

(தொடரும்)