அளவறிவும் உரிமையும்

கணக்கு என்பது பள்ளித் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. ஓர் அளவை மற்றோர் அளவாக மாற்றத் தெரியாத சமுதாயம், தன் உழைப்பையும் நிலத்தையும் பிறர் அளந்து கூறியவாறே ஏற்க நேரும். நம் முன்னோர் வரலாறு இதற்குச் சான்று.

அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாகப் பயிற்றப்பட்டது. நெல்லிலக்கம், பொன்னிலக்கம், மா, காணி, முந்திரி என்னும் பின்னங்கள் அனைத்தும் அதில் அடங்கும். அத்திண்ணைகளில் நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. நெல்லை விளைவித்தோர் நம்மவர்; நெல்லிலக்கம் கற்றோர் பிறர்.

இதன் விளைவு யாது? 8 நாழி 1 மரக்கால். 12 மரக்கால் 1 கலம். ஆகவே 1 கலத்துக்கு 96 நாழி என்பது வாய்பாடு. ஆயினும் மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. நாளொன்றுக்கு 1 மரக்கால் கூலி பெறுவோர்க்கு, 7 நாழியே கொள்ளும் மரக்காலால் அளந்தால் நாள்தோறும் 1 நாழி இழப்பு. சிறிதெனத் தோன்றும் இவ்விழப்பு 96 நாளில் முழுதாக 1 கலம் ஆகிவிடும். கூலி நெல்லின் அளவு நமக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது என்பதை, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 உயிர்கள் என்றும் நினைவூட்டும்.

அடுத்து நிலம். செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892ஆம் ஆண்டின் 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் அழைப்பது அதன் வழி வந்ததே. பழைய ஆவணங்களில் ஏக்கரும் சென்ட்டும் காணப்படும். இன்றைய பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் காணப்படும். 100 சென்ட் 1 ஏக்கர். 100 ஏர் 1 ஹெக்டேர். 1 ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். பாட்டனார் ஆவணத்தில் 2 ஏக்கர் 50 சென்ட் இருக்க, பேரனின் பட்டாவில் 91 ஏர் இருப்பதாகக் கொள்வோம். 91ஐ 2.47ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 225 சென்ட். 25 சென்ட் எங்கே போயிற்று? இவ்வினாவை எழுப்பப் பெருக்கல் ஒன்றே போதும். அது தெரியாதவருக்கு வினாவே எழாது.

இனி மண்வேலை. ஏரிகளுக்குக் கரை எழுப்பியவர்களில் நம்மவர் பலர். மேலகலம் 6 அடி, உயரம் 5 அடி, நீளம் 100 அடி உள்ள ஒரு கரையை எண்ணுவோம். அதன் சரிவு 1க்கு 2. அதாவது 1 அடி உயர்வுக்கு 2 அடி பக்கவாட்டில் விரியும். ஆகவே 5 அடி உயரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 10 அடி விரிந்து, அடியகலம் 26 அடி ஆகும். நடுப்பகுதியின் பரப்பு 30 சதுர அடி. இரு பக்கச் சரிவுகளும் தலைக்கு 25 சதுர அடி. ஆகக் கூடுதல் 80 சதுர அடி. 100 அடி நீளத்துக்கு 8,000 கன அடி. மெட்ரிக் அளவில் ஏறக்குறைய 226 கன மீட்டர். சரிவை விட்டுவிட்டு மேலகலத்தையும் உயரத்தையும் மட்டும் பெருக்கினால் 3,000 கன அடியே வரும். எஞ்சிய 5,000 கன அடி மண்ணைச் சுமந்த தலைகளுக்குக் கூலி இல்லாமற் போகும்.

1957 ஏப்ரலில் தசம நாணயமும், 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவைகளும் நடைமுறைக்கு வந்தன. ஊருக்கொரு மரக்கால் என்னும் நிலை ஒழிய அவை வழி வகுத்தன. எனினும் அளவு பொதுவானால் மட்டும் போதாது. அளப்பவரைச் சரிபார்க்கும் அறிவும் பொதுவாக வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1923இல் ரூபாயின் பிரச்சினை குறித்து ஆய்வு நூல் வெளியிட்டார். ஒரு நாட்டின் நாணயக் கணக்கையே ஆராய்ந்த அவர் வழி வந்த நாம், நம் வீட்டுப் பட்டாவையும் கூலிக் கணக்கையும் ஆராயத் தயங்கலாமா?

இளைஞர்களே! சேரியில் ஒரு முதியவர் தம் பட்டாவை நீட்டினால், அதைப் படித்துக் கூறுவதுடன் நில்லாதீர். சென்ட்டாக மாற்றி, பழைய ஆவணத்துடன் ஒப்பிட்டுக் காட்டுங்கள். வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் அளித்த கல்விக்கு அதுவே நாம் செலுத்தும் கைம்மாறு.