காயப்பட்ட கையும் நின்றுபோன கூலியும்

பால் வெட்டும் கையில் காயம் பட்டால் வீட்டு அடுப்பும் எரியாது என்பதை நாம் அறிவோம். அந்தக் கூலி இழப்பை யார் ஈடு செய்வது?

முற்கால ஆங்கிலச் சட்டப்படி, முதலாளியின் தவற்றைத் தொழிலாளியே நிரூபிக்க வேண்டும். உடன் வேலை செய்தவரின் கவனக்குறைவால் அடிபட்டாலோ, முதலாளியிடம் ஒன்றும் கேட்க முடியாது. 1897-இல் இங்கிலாந்தில் வந்த சட்டம் இதை மாற்றியது. யார் தவறு என்று நிரூபிக்காமலே, வேலையில் நேர்ந்த விபத்துக்கு நஷ்ட ஈடு கேட்கலாம் என்றது. ஆயினும் அது சில தொழில்களுக்கு மட்டுமே. விவசாயத் தொழிலாளிக்கு 1900-இல்தான் அந்த உரிமை கிட்டியது.

மலாயாவில் 1952-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டமும் அவ்வழியே சென்றது. பின்னர் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1971-இல் சொக்சோ நிறுவப்பட்டது. மாதந்தோறும் கட்டப்படும் சந்தாவே அதன் ஆதாரம். விபத்தால் தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு, சராசரி நாள் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு கிடைக்கிறது. வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் இதில் அடங்கும்.

பிறர் வாகனம் மோதினால் நீதிமன்றம் செல்லலாம். 40 வயதுக்காரரின் வருங்கால வருமான இழப்பை, 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏழரை ஆண்டுக்குக் கணக்கிட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் பத்தாக்கியது.

ஆகவே, விபத்தை உடனே நிர்வாகத்திடம் தெரிவிப்போம். மருத்துவச் சான்றிதழையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துவோம். தாள் இல்லாத உரிமை பேச்சோடு போய்விடும்.