தீவைச் சுட்டுக் கட்டிய வீடு

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் மாதத்துக்கு ஒரு வீடாவது இடிபடுகிறது. ஜேசிபி நிற்கும் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். பூச்சு உதிர்ந்த சுவரில் செங்கலுக்கு நடுவே வெளிறிப்போன மஞ்சளில், தேன்கூடு மாதிரி துளைதுளையாக ஒரு கல் தெரியலாம். விரலால் தேய்த்தால் பூப்போலச் சின்னச் சின்ன வளையங்கள் தட்டுப்படும். அதைக் கல் என்று சொல்வது ஒரு வசதிக்குத்தான். கடலுக்கு அடியில் கோடிக்கணக்கான சிறு உயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைத்த கூடு அது. முருகைக்கல் என்பார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதன் பெயர் பவளப்பாறை.

சுவரில் இருக்கும் சாந்தும் பெரும்பாலும் அதே கடல்தான். முருகையும் சிப்பியும் காளவாசலில் வெந்து சுண்ணாம்பாகி, மணலோடு சேர்ந்து திரும்பவும் முருகையை முருகையோடு ஒட்டியிருக்கின்றன.

முத்து, சங்கு, சிப்பி, முருகை. வேதியியலில் நான்கும் ஏறக்குறைய ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். முத்து ராஜாக்களின் கழுத்துக்குப் போனது. சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலானது. மிச்சம் காளவாசலுக்குப் போனது. இந்தக் கடற்கரையின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது முதல் இரண்டின் வரலாறுதான். கொற்கை, மார்க்கோ போலோ, 1530களில் பரதவர்கள் போர்த்துகீசியரோடு செய்துகொண்ட உடன்பாடு, 1542ல் சவேரியார், 1658ல் டச்சுக்காரர்கள், 1825ல் நிரந்தரமாக ஆங்கிலேயர்கள். சவேரியார் ஆன்மாக்களைத் தேடி வந்தார், ஒத்துக்கொள்கிறேன். அவரை ஏற்றிவந்த கப்பல்களுக்கு வழிகாட்டியது முத்து வாசம். 1961ஆம் ஆண்டு முத்துக்குளிப்போடு அந்தக் கதை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. காளவாசலுக்குப் போன மிச்சத்தின் கதை ஓயவில்லை. அது சுவர்களில் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கும் வேலை வைத்துக்கொண்டிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'நம்ம ஊர் பழைய வீடுகள்' என்று ஏக்கத்தோடு படம் போடுகிறோமே, அவை ஊரில் சிலருடைய வீடுகள் மட்டுமே. 1713ல் பனிமய மாதா கோயிலும் 1750ல் டச்சுக்காரர்களின் திரித்துவ ஆலயமும் எழுந்தபோது, கடலில் மூச்சடக்கி முங்கிச் சிப்பி எடுத்தவர்களில் பெரும்பாலோர் இருந்தது பனையோலைக் குடிசையில். காரை வீடு என்பது தோணி முதலாளிகளுக்கும் உப்பு, பஞ்சு, கருவாட்டு வியாபாரிகளுக்கும் உரியது. 1876ல் ரயில் வந்து கொழும்பு வியாபாரம் சூடுபிடித்த பிறகு அப்படிப்பட்ட வீடுகள் பெருகின. எங்கள் தாத்தாவின் அப்பா கட்டிய வீடு அந்த வரிசையில் கடைசிப் பெட்டி. மச்சு வீடு. தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கலைச் சாய்த்து அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து கட்டையால் தட்டித்தட்டி இறுக்கிய தளம். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியியல் புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

சுண்ணாம்பு என்ன செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் அதன் மேல் மரியாதை வந்துவிடும். முருகையையோ சிப்பியையோ சுமார் 900 டிகிரியில் சுட்டால் அதிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் சீறிக் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப்போடுவார்கள், எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவுக்கு வெண்ணெய் மாதிரி வரும். மணலோடு சேர்த்துச் செக்கில் அரைத்துச் சுவரில் பூசினால், போன கார்பன் டை ஆக்ஸைடைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில், உள்ளே போகப்போக வருஷக்கணக்கில். கடைசியில் பழையபடி கால்சியம் கார்பனேட். அதாவது கல்லை உடைத்து, மாவாக்கி, வேண்டிய வடிவத்தில் திரும்பவும் கல்லாக்கும் வித்தை. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் ஊற்றியதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. சர்க்கரை கலந்த தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும், சாந்து இழைய வரும்.

சுண்ணாம்பின் பெரிய குணம் பலம் கிடையாது, பலவீனம். சிமெண்டோடு ஒப்பிட்டால் அது மெத்தென்றிருக்கும், துளை நிறைந்திருக்கும். சுவர் லேசாக அசைந்தால் அதுவும் அசைந்துகொடுக்கும். முடியளவு விரிசல் விட்டால், மழைத்தண்ணீரில் கொஞ்சம் கரைந்து அந்த விரிசலிலேயே போய் மறுபடி படியும். தன் புண்ணைத் தானே ஓரளவு ஆற்றிக்கொள்ளும் பொருள். ஈரம் உள்ளே போகும், போன வழியே வெளியே வரும்.

இந்த ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் வருகிறது. குஜராத்துக்கு அடுத்து இந்தியாவில் அதிகமாக உப்பு விளைவது இங்கேதான். காற்றில் உப்பு, நிலத்தடி நீரில் உப்பு, முருகைக்கல்லின் துளைகளிலேயே பிறவி உப்பு. ஈரம் உலரும் இடத்தில் உப்பு படிகமாகும். படிகம் வளரும்போது துளையின் சுவரை நெட்டித் தள்ளும். இது சுண்ணாம்புப் பூச்சின் மேல்பரப்பில் நடந்தால், பூச்சு பொரிந்து மாவாக உதிரும். தென்னந்துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டு, திரும்ப ஒரு கை பூசி வெள்ளையடிக்கலாம். பூச்சு செத்துச் சுவரைக் காப்பாற்றும் ஏற்பாடு. பொங்கலுக்கு முன்னாலோ, ஆகஸ்ட் 5 மாதா திருவிழாவுக்கு முன்னாலோ ஊரே வெள்ளையடித்ததே, அதை நாம் பண்டிகைச் சடங்கு என்று நினைத்துவிட்டோம். என்னைக் கேட்டால் அது காலண்டரில் குறித்துவைத்த பராமரிப்பு வேலை. மென்பொருள் எழுதும் எங்களுக்கு இது பழகிய விஷயம்தான். ஒரு வருஷம் அப்டேட் தவறினால் ஒன்றும் தெரியாது. பத்து வருஷம் தவறினால் என்ன உடைந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது.

1990களில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளச் சுவர்களுக்குச் சிமெண்ட் பூசினார்கள். 'இனி அம்பது வருசத்துக்குக் கவலையில்லை' என்று ஒப்பந்தக்காரர் சொன்னாராம். அப்பா அந்த வாக்கியத்தை இப்போதும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். ஆறு வருஷத்தில் பெயின்ட் கொப்பளித்தது. கொப்பளத்தைச் சுரண்டிப் பட்டி பார்த்து மேலே இன்னொரு பெயின்ட். அப்புறம் இடுப்பளவு உயரத்துக்கு டைல்ஸ். ஈரம் டைல்ஸுக்குப் பின்னால் ஏறி, டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேலே வரைபடம் வரைந்தது.

2023 டிசம்பர் 17, 18ல் வந்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். சாதாரணமாக ஒரு வருஷம் முழுக்க இந்தப் பக்கம் பெய்கிற மழையே அவ்வளவு இருக்காது. எங்கள் தெருவில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. வடிந்தபின் மூன்று மாதம் கழித்து, வெயில் ஏறஏற, சுவர்கள் பேச ஆரம்பித்தன. ராத்திரியில் பொலபொலவென்று உதிரும் சத்தம். நடுவறையில் ஓர் ஆள் அகலத்துக்குச் சிமெண்ட் பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. பின்னால் இருந்த முருகைக்கல் சர்க்கரைக்கட்டி ஈரம் பட்டது மாதிரி நொறுங்கியிருந்தது.

அப்போதுதான் அந்தக் கொத்தனாரைத் தேடிப் பிடித்தோம். எழுபதுக்குப் பக்கம் வயது. கோயில் வேலைகளில் சுண்ணாம்பு பழகியவர். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார், டாக்டர் மாதிரி.

"மூச்சு விட வழியில்லாம அடைச்சிட்டாங்கல்லா தம்பி. தண்ணி எங்கன போவும்? உள்ளயே கெடந்து பொரியும்."

"இடிச்சிரலாம்ங்காங்க அண்ணாச்சி."

"இடிக்கது ஒரு நாள் சோலி. கல்லு போனா கல்லு இல்லியே."

கல்லு இல்லியே என்பது வெறும் பேச்சில்லை. அந்தக் கல் வந்த இடத்தைப் பார்த்தால் தெரியும்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 சிறு தீவுகள். தூத்துக்குடிப் பக்கம் நான்கு: வான் தீவு, காசுவாரி, விலாங்குச்சல்லி, காரைச்சல்லி. பெயரைக் கவனியுங்கள். காரை, சல்லி. கட்டுமானப் பொருளின் பெயரா, கடல்மேட்டின் பெயரா என்று எனக்குள் ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டே இருக்கிறது. தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகளைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளங்களில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு, காளவாசலுக்கு, பிறகு ரசாயனத் தொழில்களுக்கு. 1970களின் தொடக்கத்தில் மண்டபம் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலைய ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, நாளொன்றுக்குச் சுமார் 250 கனமீட்டர். மீன்பாடு இல்லாத நாளில் கூலிக்குப் பாறை பெயர்த்தவர்களும் கடற்கரை மக்கள்தான். அவர்களைக் குறை சொல்லி எழுதுவது சுலபம். அந்தக் கல்லில் குடியிருந்த குடும்பத்தில் பிறந்துகொண்டு எனக்கு அது முடியாது.

பவளப்பாறை அலைக்கு முதல் தடுப்பு. அது போனால் பின்னால் இருக்கும் மணல் தீவு நேரடியாக அலையிடம் அகப்படும். 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. 2001ல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போயின, புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே பாதுகாப்பு. அதற்குள் விலாங்குச்சல்லி தண்ணீருக்குள் போயிருந்தது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் போனது. வான் தீவு தேய்ந்து தேய்ந்து பழைய அளவில் ஒரு துண்டாகச் சுருங்கியது. 2015 கடைசியிலிருந்து, சென்னை ஐஐடி வடிவமைப்பில், துளையிட்ட கான்கிரீட் அமைப்புகள் பத்தாயிரத்துக்கு மேல் வான் தீவுக்கு முன்னால் கடலில் இறக்கப்பட்டன. தேய்வது நின்றதாகவும் கொஞ்சம் மணல் சேர்ந்ததாகவும் சொல்கிறார்கள். தீவைச் சுட்டு வீடு கட்டினோம். சிமெண்ட்டால் தீவுக்கு வேலி போடுகிறோம். நான் கேலியாகச் சொல்லவில்லை. சுவரைக் கெடுத்த சிமெண்ட் கடலில் நல்லது செய்கிறது. பொருளில் நல்லது கெட்டது இல்லை, இடம்தான் உண்டு.

தூத்துக்குடியில் 1908ல் வ.உ.சி. தலைமை தாங்கிய வேலைநிறுத்தம் நடந்த பஞ்சாலையின் பெயர் கோரல் மில். பவள ஆலை! சின்ன வயசில் ஆயிரம் தடவை சொல்லியிருப்போம், ஒரு தடவைகூட அந்தப் பெயரின் அர்த்தம் தோன்றியதில்லை.

வீடுகளின் பிரச்சினை மாவட்டம் முழுக்க ஒன்றே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெற்கே மணப்பாட்டில் கடலை ஒட்டிய மேடு. 1581ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் அதன் உச்சியில் நிற்கிறது. மணல் மேட்டுச் சரிவில் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தாங்குசுவரில் ஆங்காங்கே ஓட்டை விட வேண்டும், அடைபட்டால் குத்தி எடுக்க வேண்டும். வடக்கே விளாத்திகுளம், எட்டயபுரம், கழுகுமலைப் பக்கம் கரிசல். மழையில் உப்பி வெயிலில் பாளம்பாளமாக வெடிக்கும் களிமண். மலைப்பாறையில் விழுந்த மழை வழிந்து அடிவாரக் கரிசலில் இறங்கினால், வீட்டின் ஒரு பக்கம் தூக்கும், மறுபக்கம் தாழும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலைப் பார்த்தால் வியாதி மண்ணில் என்று அர்த்தம். விரிசலை மட்டும் சிமெண்ட்டால் அடைப்பவர் அடுத்த வருஷம் பக்கத்திலேயே புது விரிசலைப் பார்ப்பார். பழைய ஆட்கள் கரிசலைத் தாண்டிச் சுக்கான் தட்டும்வரை வானம் தோண்டினார்கள். கூரைத் தண்ணீரைச் சுவரோரம் விழவிடாமல் தள்ளி விட்டார்கள். சுவரோரம் மரம் வைக்கவில்லை.

அதே கரிசலில் எழுந்ததுதான் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை. 1799ல் கும்பினிக்காரர்கள் தரைமட்டமாக்கியதை, 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்ததும் நாள்கணக்கில் திரும்பக் கட்டினார்கள். மண் சுவர். மார்ச் 31ல் நடந்த தாக்குதல் தோற்றது. மே 24ல்தான் கோட்டை விழுந்தது. உள்ளூர் மண்ணை உள்ளூர்க் கைகளால் பழுதுபார்க்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு வருவோம். முருகையைத் தொடக்கூடாது. அது சட்டம், நியாயமும்கூட. ஆனால் சுண்ணாம்புக்குப் பவளம் அவசியமில்லை, மலைச் சுண்ணாம்புக்கல் போதும். வேடிக்கை என்னவென்றால், தூத்துக்குடியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய தாழையூத்தில் அந்தக் கல் ஏராளம். 1949 முதல் அங்கே அதைச் சுட்டுச் செய்தது சிமெண்ட். எங்களுக்குச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கப் பல கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. வெற்றிலைக்கா என்று ஒருவர் கேட்டார்.

பின்கட்டில் தொட்டி கட்டி இரண்டு மாதம் ஊறவைத்தோம். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் லாரித் தண்ணீர். ஆற்று மணலைச் சலித்து அலசினார்கள். சிமெண்ட் பூச்சை உளியால் ஓரம் ஓரமாக நெம்பி எடுக்கவே பதினொரு நாள் ஆனது, மெஷின் வைத்தால் கல்லும் சேர்ந்து வந்துவிடும். வெறும் சுவரை ஒரு கோடை முழுக்க அப்படியே விட்டார் அண்ணாச்சி. வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்தது. பூத்ததைத் துடைத்து வாளியில் அள்ளிக் கொட்டினோம், தண்ணீர் ஊற்றிக் கழுவ விடவில்லை. கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடுமாம், சரிதான். நொறுங்கிய கற்கள் இருந்த இடத்தில், பின்தெருவில் இடித்த வீட்டின் பழைய செங்கலை வைத்துக் கட்டினார். அப்புறம் மெல்லிய மெல்லிய பூச்சாக மூன்று கை. ஒவ்வொன்றும் இறுகும்வரை ஈரச் சாக்கு போர்த்தி வைத்தோம்.

நடுவறையும் கிழக்குச் சுவரும் முடிந்திருக்கின்றன. மேற்குச் சுவரில் டைல்ஸ் இன்னும் இருக்கிறது. மச்சுக் கட்டைகளில் இரண்டு செல்லரித்திருக்கிறது, அதற்கு ஆசாரி பார்க்க வேண்டும். மழைக்கு முன்னால் மேற்குச் சுவரைத் திறக்க வேண்டாம், தை பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் அண்ணாச்சி. அவரோடு வந்த இரண்டு சித்தாள்களில் ஒரு பையன் மட்டும் செக்கில் அரைப்பதையும் கை பிடிப்பதையும் கேட்டுக் கேட்டுச் செய்கிறான். தொட்டியில் அடுத்த மூட்டை ஊறிக்கொண்டிருக்கிறது.